திட்டத்தை வகுத்தவரே பலனையும் அளந்தார்: பேராசிரியர் பி.சி. மகலனோபிஸின் வாழ்க்கைப் பாதை

ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் தேதி நாடு முழுவதும் தேசிய புள்ளியியல் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. 2007-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் இந்நாள், இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸின் பிறந்த நாளாகும். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆயினும், திட்டத்தை வகுத்ததோடு அவரது பணி முடிந்துவிடவில்லை. திட்டத்துக்காகச் செலவிடப்பட்ட பணம் மக்களின் வீடுகளை எட்டியதா என்பதைக் கண்டறியும் அளவுகோலை உருவாக்கியவரும் அவரே. அந்த அளவுகோலைத் தாம் வகுத்த திட்டத்தின் மீதே வைத்துப் பார்க்கும் பொறுப்பும் பின்னாளில் அவரிடம் வந்து சேர்ந்தது.

அரசின் திட்டங்களை ஒதுக்கப்பட்ட தொகையைக் கொண்டு மதிப்பிடுவதா, கிடைத்த பலனைக் கொண்டு மதிப்பிடுவதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த விவாதத்தின் இந்திய வரலாற்றை அறிய விரும்புவோருக்கு மகலனோபிஸின் வாழ்க்கை பொருத்தமான தொடக்கமாகும்.

கொல்கத்தாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்தார். அவரது குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தது. அவருடைய பாட்டனார் குருசரண் கிழக்கு வங்கத்தின் விக்ரம்பூரிலிருந்து கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தவர். பிரம்ம சமாஜப் பள்ளியில் பயின்ற மகலனோபிஸ், பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1912-ஆம் ஆண்டு இயற்பியலில் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் அங்கு அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர்.

1913-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அவர், லண்டன் பல்கலைக்கழகத்தில் சேரவே எண்ணியிருந்தார். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர் லண்டன் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டு, அன்றிரவு நண்பர் ஒருவரின் இருப்பிடத்தில் தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவரது மனத்தைக் கவர்ந்தது. நண்பரின் யோசனைப்படி அக்கல்லூரிக்கே விண்ணப்பித்து இடமும் பெற்றார்.

கேம்பிரிட்ஜில் கணிதமேதை சீனிவாச ராமானுஜனுடன் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. குளிரால் வாடிய ராமானுஜன், கட்டிலின் மீது விரிக்கப்பட்ட கம்பளிகளுக்கு அடியில் நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மேலேயே படுத்து உறங்கிவந்தார். அதைக் கண்டு முறையை எடுத்துச் சொன்னவர் மகலனோபிஸ். மற்றொரு நாள், பத்திரிகை ஒன்றில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றை அவர் வாசித்துக் காட்டினார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், அப்புதிருக்கு மட்டுமன்றி, அதே வகையைச் சேர்ந்த எல்லாப் புதிர்களுக்கும் பொருந்தும் விடையை உடனடியாகக் கூறினார். ராமானுஜனைப் பற்றிய நூல்களில் இன்றளவும் இடம்பெறும் இந்நிகழ்வுகள் மகலனோபிஸின் நினைவுகளிலிருந்தே கிடைத்தவை.

படிப்பை முடித்துத் தாயகம் திரும்பும் வேளையில், பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழ் அவருக்கு அறிமுகமாயிற்று. அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறிய அவர், கடற்பயணத்திலேயே வாசிக்கத் தொடங்கினார். பயிர் விளைச்சல், மழையளவு, மனித உடலமைப்பு என எத்துறையின் சிக்கலையும் எண்களின் வழியே அணுகலாம் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது அப்போதுதான்.

வெள்ளம் கற்பித்த பாடம்

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியில் சேர்ந்த மகலனோபிஸ், 1922-ஆம் ஆண்டு பேராசிரியரானார். அலிப்பூர் வானிலை ஆய்வகத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் கவனித்தார். 1923-ஆம் ஆண்டு நிர்மல் குமாரியை மணந்தார். ராணி என அழைக்கப்பட்ட நிர்மல் குமாரியின் தந்தை இத்திருமணத்துக்கு உடன்படவில்லை. கவிஞர் ரவீந்திரநாத் தாகூரிடம் தம்பதியர் இருவரும் மிகுந்த அன்பு கொண்டிருந்தனர். விஸ்வபாரதி நிறுவனத்தின் இணைச் செயலாளராக மகலனோபிஸ் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1926-ஆம் ஆண்டு தாகூரின் ஐரோப்பியப் பயணத்தில் இருவரும் உடன் சென்றனர்.

அரசின் முடிவுகளுக்குப் புள்ளிவிவரம் எவ்வாறு உதவும் என்பதை அவர் முதன்முதலில் எடுத்துக்காட்டியது வெள்ளப் பிரச்சினையில்தான். ஒடிசாவின் பிராமணி ஆற்றில் 1926-ஆம் ஆண்டு பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டதே அதற்குக் காரணம் எனக் கருதிய பொறியாளர்கள், கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். சுமார் 60 ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என நிறுவினார். நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த கனமழையே வெள்ளத்துக்குக் காரணம் என்றும், ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தீர்வு என்றும் அவரது ஆய்வு சுட்டியது.

செலவிடும் தொகை பெரிதாக இருந்தாலும், காரணம் தவறாகக் கணிக்கப்பட்டால் பலன் கிடைக்காது என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது. பின்னாளில் அவர் மேற்கொண்ட பணிகள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை தொடர்ந்தது.

238 ரூபாயில் இயங்கிய நிறுவனம்

மாநிலக் கல்லூரியில் தமக்கு ஒதுக்கப்பட்ட அறையில், ஆர்வமுள்ள சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் நடத்திவந்த ஆய்வுக்கூடமே இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக வளர்ந்தது. 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி நிறுவப்பட்ட அந்நிறுவனம், 1932-ஆம் ஆண்டு ஏப்ரலில் பதிவு செய்யப்பட்டது. முதலாண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய் மட்டுமே. 1933-ஆம் ஆண்டு சங்க்யா என்ற ஆய்விதழ் தொடங்கப்பட்டது. பல அளவீடுகளைக் கொண்ட இரு தொகுதிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிட அவர் வகுத்த முறை, 1936-ஆம் ஆண்டு முழு வடிவம் பெற்றது. மகலனோபிஸ் தொலைவு என அழைக்கப்படும் அம்முறை, இன்று கணினித் துறையிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. உலகப் புகழ்பெற்ற புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 1941-ஆம் ஆண்டு இந்நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்தவர்.

ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. மாதிரி ஆய்வின் அடிப்படையும் ஏறத்தாழ அதுவே. ஆயினும், பானைச் சோறு சீராக வெந்திருக்கும். நாடு அவ்வாறு சீரானதன்று. எனவே, எந்தப் பருக்கையை எடுப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை பருக்கை எடுத்தால் எந்த அளவுக்குப் பிழை நேரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மகலனோபிஸ் இவ்விரண்டையும் வங்கத்தின் சணல் வயல்களில் செய்துகாட்டினார்.

வங்கத்தின் முதன்மைப் பணப்பயிரான சணல் எவ்வளவு பரப்பில் பயிரிடப்படுகிறது என்பதை அறியும் முன்னோடி ஆய்வுகளை 1937-ஆம் ஆண்டு அவர் தொடங்கினார். 1941-ஆம் ஆண்டு வங்கம் முழுவதற்கும் மாதிரி ஆய்வு விரிவுபடுத்தப்பட்டது. ஒவ்வொரு வயலாகச் சென்று எடுக்கப்பட்ட முழுக் கணக்கெடுப்பைக் காட்டிலும், சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்ட மாதிரி ஆய்வின் மதிப்பீடே வணிகத் துறையின் இறுதிக் கணக்குக்கு நெருக்கமாக அமைந்தது. முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கே இதற்குத் தேவைப்பட்டது.

களப்பணியாளர் வயலுக்குச் செல்லாமலேயே படிவத்தை நிரப்பிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவர் விடை கண்டார். ஒரே பகுதியில் இரு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, இரு வேறு குழுக்களிடம் ஒப்படைப்பது அவர் வகுத்த முறை. இரு குழுக்களின் முடிவுகளும் பெருமளவில் ஒத்துப்போனால் கணக்கை நம்பலாம். பெரிதும் வேறுபட்டால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது எனப் பொருள். கணக்கெடுப்பவரையும் கணக்குக்கு உட்படுத்தும் இம்முறை, புள்ளியியல் உலகுக்கு அவர் அளித்த முக்கியக் கொடைகளுள் ஒன்றாகும்.

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் பின்விளைவுகளை அறிய அவரது தலைமையில் மாதிரி ஆய்வு நடத்தப்பட்டது. நிலத்தையும் மாடுகளையும் விற்று ஆதரவற்றோரான குடும்பங்களின் நிலையை அந்த ஆய்வு பதிவு செய்தது. 1945-ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரி ஆய்வுத் துணை ஆணையத்துக்கும் அவர் தலைமை வகித்தார்.

கணக்கு இல்லாத நாட்டில் திட்டம்

விடுதலை பெற்ற இந்தியாவின் தேசிய வருமானம் எவ்வளவு என்பதற்கு அரசிடம் நம்பகமான கணக்கு இருக்கவில்லை. 1949-ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகராக மகலனோபிஸ் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய வருமானக் குழுவுக்கும் அவரே தலைவர். பொருளியலாளர்கள் டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். 1951-ஆம் ஆண்டு முதல் அறிக்கையையும் 1954-ஆம் ஆண்டு இறுதி அறிக்கையையும் அக்குழு அளித்தது.

அக்குழுவின் பணிக்குத் தேவையான விவரங்கள் பலவும் எங்கும் கிடைக்கவில்லை. குறிப்பாக, கிராமப்புறக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. இந்தக் குறையைப் போக்கவே தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. அதன் முதல் சுற்று 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1951-ஆம் ஆண்டு மார்ச் வரை நடைபெற்றது. நாட்டின் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மொழிக்கு மொழி மாறும் சொற்களையும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் எடை, அளவு முறைகளையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவருவது களப்பணியாளர்களுக்குப் பெரும் சவாலாக இருந்தது. 1951-ஆம் ஆண்டு மத்திய புள்ளியியல் அமைப்பும் உருவாக்கப்பட்டது.

இதனிடையே, 1950-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி மத்திய திட்டக் குழு அமைக்கப்பட்டது. முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் 1951-ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முதலில் வகுக்கப்பட்ட ஒதுக்கீடு 2,069 கோடி ரூபாய். வேளாண்மை, பாசனம், மின்சாரம் ஆகியவை அதில் முதலிடம் பெற்றன. பருவமழையும் துணைநின்றதால், தேசிய வருமானம் ஐந்தாண்டுகளில் சுமார் 18 சதவீதம் உயர்ந்தது. இலக்கைக் காட்டிலும் இது கூடுதல். இந்த வெற்றியே அடுத்த திட்டத்தைப் பெரிதாக வகுக்கும் துணிவை அரசுக்கு அளித்தது.

இரண்டாவது திட்டத்தின் பிறப்பு

பிரதமர் ஜவாஹர்லால் நேரு, 1954-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் திட்டமிடல் குறித்த ஆய்வுகளைத் தொடங்கிவைத்தார். ராக்னர் பிரிஷ், ஆஸ்கர் லாங்கே உள்ளிட்ட அயல்நாட்டுப் பொருளியல் அறிஞர்கள் பலர் கொல்கத்தாவுக்கு வந்து தங்கி ஆலோசனை வழங்கினர். 1955-ஆம் ஆண்டு மார்ச்சில் திட்டச் சட்டகம் என்ற வரைவை மகலனோபிஸ் அரசிடம் அளித்தார். பொருளியலில் முறையான பட்டம் பெறாத இயற்பியல் பேராசிரியர் ஒருவர், நாட்டின் பொருளாதாரப் பாதையை வரையறுக்கும் ஆவணத்தை எழுதியது அந்நாளில் வியப்புடன் நோக்கப்பட்டது.

அவரது வாதம் எளிமையானது. துணி வேண்டுமெனில் நெசவு ஆலை வேண்டும். ஆலைக்கு இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு எஃகு வேண்டும். இயந்திரங்களைத் தொடர்ந்து இறக்குமதி செய்யும் நாடு தன் வளர்ச்சியின் வேகத்தைத் தானே முடிவு செய்ய இயலாது. எனவே, தொடக்கத்திலேயே எஃகுக்கும் இயந்திரத் தொழிலுக்கும் கூடுதலாக முதலீடு செய்தால், சில ஆண்டுகள் நுகர்பொருள் உற்பத்தி மெதுவாக வளர்ந்தாலும், நீண்ட காலத்தில் எல்லாப் பொருட்களின் உற்பத்தியும் விரைவாகப் பெருகும். இடைக்காலத்தில் மக்களுக்குத் தேவையான துணி முதலியவற்றைக் கைத்தறியும் குடிசைத் தொழில்களும் வழங்கும்; அவை வேலைவாய்ப்பையும் பெருக்கும்.

இந்த வாதத்தை அவர் பொருளாதாரத்தை நான்கு துறைகளாகப் பிரித்த கணக்கின் மூலம் விளக்கினார். ஐந்தாண்டுகளில் 5,600 கோடி ரூபாய் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை மூலதனப் பொருள் துறைக்கு அளித்தால், தேசிய வருமானம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் என்றும், 1 கோடியே 10 லட்சம் பேருக்குப் புதிதாக வேலை கிடைக்கும் என்றும் அக்கணக்கு கூறியது. ஒதுக்கீட்டுத் தொகையோடு, வருமான உயர்வு எவ்வளவு, வேலைவாய்ப்பு எவ்வளவு என்ற இலக்கையும் சேர்த்து முன்வைத்தது இதன் சிறப்பு. இலக்கு எண்ணாகச் சொல்லப்பட்டதால், அது எட்டப்பட்டதா என்று பின்னர் கேட்பதற்கும் வழி பிறந்தது.

1956-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இரண்டாவது திட்டத்தில் பொதுத்துறைக்கான ஒதுக்கீடு 4,800 கோடி ரூபாய். தொழில், சுரங்கத் துறைகளின் பங்கு முதல் திட்டத்தின் 7.6 சதவீதத்திலிருந்து 18.5 சதவீதமாக உயர்ந்தது. வேளாண்மை, சமுதாய வளர்ச்சி ஆகியவற்றின் பங்கு 15.1 சதவீதத்திலிருந்து 11.8 சதவீதமாகக் குறைந்தது. ஜெர்மனியின் உதவியுடன் ரூர்கேலாவிலும், சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் பிலாயிலும், பிரிட்டனின் உதவியுடன் துர்காபூரிலும் எஃகு ஆலைகள் எழுந்தன.

எதிர்ப்புக் குரல்கள்

எல்லோரும் இப்பாதையை ஏற்கவில்லை. பொருளியலாளர் குழுவின் உறுப்பினரான பி.ஆர். ஷெனாய், நாட்டின் சேமிப்பு தாங்கும் அளவை மீறியது இத்திட்டம் என்றும், பற்றாக்குறை நிதி விலைவாசியை உயர்த்தும் என்றும் தமது மாற்றுக் கருத்தைத் தனியே பதிவு செய்தார். மும்பையைச் சேர்ந்த சி.என். வக்கீல், பி.ஆர். பிரம்மானந்தா ஆகியோர், உழைப்பாளருக்குத் தேவையான உணவும் துணியும் போதிய அளவில் இல்லாமல் கனரகத் தொழில் வளர இயலாது என வாதிட்டனர். 1955-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் பிரீட்மனும் இத்திட்டத்தின் அணுகுமுறையை விமர்சித்தார்.

நெருக்கடி விரைவிலேயே வந்தது. இயந்திர இறக்குமதி பெருகியதால் 1956-57, 1957-58 ஆண்டுகளில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. மகலனோபிஸின் கணக்கு அயல்நாட்டு வர்த்தகத்துக்கு உரிய இடம் அளிக்கவில்லை என்ற குறை அப்போது வெளிப்பட்டது. உணவு தானியத்துக்கு அமெரிக்காவுடன் 1956-ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தை நாடு பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. 1958-ஆம் ஆண்டு திட்டம் சுருக்கப்பட்டு, இன்றியமையாத பணிகளுக்கு மட்டும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தியாவுக்கு உதவும் நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. திட்டக் காலத்தில் தேசிய வருமானத்தை 25 சதவீதம் உயர்த்துவது இலக்கு. அப்போதைய அரசுக் கணக்கின்படி எட்டப்பட்டது சுமார் 20 சதவீதம். மொத்த விலைகள் சுமார் 30 சதவீதம் உயர்ந்தன.

எஃகு ஆலைகளும் கனரக இயந்திரத் தொழிற்சாலைகளும் நாட்டின் தொழில்துறைக்கு அடித்தளமிட்டன என்பதை விமர்சகர்களும் மறுக்கவில்லை. வேளாண்மைக்கு அளிக்கப்பட்ட கவனம் போதவில்லை என்பதை ஆதரவாளர்களும் பின்னர் ஒப்புக்கொண்டனர்.

வருமானம் எங்கே சென்றது?

இரு திட்டங்கள் முடிவடையும் தறுவாயில், உயர்ந்த தேசிய வருமானம் யாரைச் சென்றடைந்தது என்ற கேள்வி 1960-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதை ஆராய நிபுணர் குழு ஒன்று தேவை என நேரு கருதினார். அவ்வாண்டு அக்டோபரில் அமைக்கப்பட்ட வருமானப் பகிர்வு மற்றும் வாழ்க்கைத் தரக் குழுவுக்குத் தலைவராக மகலனோபிஸே நியமிக்கப்பட்டார். திட்டத்தை வகுத்தவரிடமே அதன் பலனை மதிப்பிடும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

இதற்கான கருவி ஒன்றும் அவரிடம் ஆயத்தமாக இருந்தது. குடும்பங்களை மிக ஏழ்மையானதிலிருந்து மிகச் செல்வமுடையது வரை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கை கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் செலவும் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என வரைபடத்தில் ஒப்பிடும் முறையை அவர் 1960-ஆம் ஆண்டு வெளியிட்டிருந்தார். நாட்டின் சராசரி உயரும்போது, கடைசிப் படியில் உள்ளோரின் நிலையும் உயர்கிறதா என்பதை இதன் மூலம் தனியே காண இயலும். அதற்குத் தேவையான விவரங்களைத் தேசிய மாதிரி ஆய்வு ஆண்டுதோறும் சேகரித்துவந்தது.

குழுவின் அறிக்கையின் முதற்பகுதி 1964-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அளிக்கப்பட்டது. பொருளாதார ஆதிக்கம் சிலரிடம் குவிந்திருப்பதையும், திட்டமிட்ட பொருளாதாரம் செயல்பட்ட விதமே பெருநிறுவனங்களின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்ததையும் அது பதிவு செய்தது. தாம் முன்னின்று வகுத்த திட்டத்துக்கு உகந்ததாக அமையாத அந்த முடிவை மகலனோபிஸ் தலைமையிலான குழு மறைக்கவில்லை. அதே ஆண்டு ஏகபோக விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டு ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட இதுவும் வழிகோலியது.

வறுமையின் அளவு குறித்த விவாதமும் அக்காலத்தில் சூடுபிடித்தது. மக்களின் குறைந்தபட்ச வாழ்க்கைத் தேவைக்கு, 1960-61 விலைவாசியின்படி, ஒருவருக்கு மாதம் 20 ரூபாய் என 1962-ஆம் ஆண்டு நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. 1963-ஆம் ஆண்டு மக்களவையில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கின்றனர் எனக் குற்றம்சாட்டினார். பிரதமர் நேரு அதை மறுத்து 15 அணா என்றார். திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா ஏழரை அணா எனக் கணக்குக் கூறினார். மூன்று அணா விவாதம் என வரலாற்றில் நிலைபெற்ற அந்நிகழ்வு, ஏழைகளின் வருமானம் எவ்வளவு என்ற எளிய கேள்விக்கு விடை காண்பது ஆட்சிக்கே சோதனையாகலாம் என்பதை உணர்த்தியது.

இறுதி ஆண்டுகள்

1962-ஆம் ஆண்டு சீனாவுடனும், 1965-ஆம் ஆண்டு பாகிஸ்தானுடனும் மூண்ட போர்கள், அடுத்தடுத்து ஏற்பட்ட இரு வறட்சிகள், 1966-ஆம் ஆண்டு ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைப்பு ஆகியவற்றால் ஐந்தாண்டுத் திட்டங்களின் தொடர்ச்சியே அறுபட்டது. 1966 முதல் 1969 வரை ஓராண்டுத் திட்டங்கள் மட்டுமே நடைமுறையில் இருந்தன. 1967-ஆம் ஆண்டு திட்டக் குழுவிலிருந்து மகலனோபிஸ் விலகினார். 1968-ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

நாட்டின் முதல் எண்ணிலக்கக் கணினியை 1956-ஆம் ஆண்டு பிரிட்டனிலிருந்து வரவழைத்துத் தமது நிறுவனத்தில் நிறுவியவர் அவர். 1959-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அந்நிறுவனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், அங்கு பேணி வளர்க்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, 1970-ஆம் ஆண்டு மறுசீரமைக்கப்பட்டு அரசின் நேரடிப் பொறுப்பின் கீழ் கொண்டுவரப்பட்டது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, தமது 79-ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், மகலனோபிஸ் காலமானார்.

திட்டங்கள் முடிந்தன, கேள்வி தொடர்கிறது

2015-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி திட்டக் குழுவுக்குப் பதிலாக நிதி ஆயோக் அமைக்கப்பட்டது. 12-ஆவது திட்டம் 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் நிறைவடைந்ததோடு ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிவுக்கு வந்தன. ஆனால், பலனை அளக்கும் முயற்சிகள் வேறு வடிவங்களில் தொடர்ந்தன. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு முதன்முறையாகப் பலன்சார் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தது. 2017-18 முதல், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒதுக்கீட்டுடன், அதனால் உருவாகும் பணிகளும் மக்களுக்குக் கிட்டும் பலன்களும் அளவிடத்தக்க குறியீடுகளாகக் குறிப்பிடப்படுகின்றன. சாலை எத்தனை கிலோமீட்டர் போடப்பட்டது என்பது பணி. அதனால் சந்தைக்குச் செல்லும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பது பலன். முன்னதை அலுவலகக் கோப்பிலிருந்தே கூறிவிடலாம். பின்னதை அறிய மக்களிடம் சென்று கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு இன்றும் தேசிய மாதிரி ஆய்வே முதன்மைக் கருவியாக உள்ளது. அதன் முடிவுகள் குறித்த சர்ச்சைகளும் ஓய்ந்தபாடில்லை. 2017-18-ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவின ஆய்வு முடிவுகளை, விவரங்களின் தரம் குறித்த காரணங்களைக் கூறி வெளியிடப்போவதில்லை என 2019-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பொருளியலாளர் பலர் அம்முடிவை விமர்சித்தனர். அதன் பின் 2022-23-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2024-ஆம் ஆண்டு வெளியாயின. இடைப்பட்ட காலத்தில் வறுமை குறைந்ததா, கூடியதா என்பதை மதிப்பிட நாட்டிடம் உறுதியான அதிகாரபூர்வக் கணக்கு இருக்கவில்லை.

மகலனோபிஸின் 125-ஆவது பிறந்த நாளையொட்டி, 2018-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் 125 ரூபாய் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. அவர் வகுத்த பொருளாதாரப் பாதையை 1991-ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு நாடு பெரிதும் கைவிட்டுவிட்டது. அவர் தொடங்கிய கணக்கெடுப்பை மட்டும் எந்த அரசும் கைவிடவில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு வீட்டின் வாசலில் களப்பணியாளர் நின்று, கடந்த மாதம் அரிசிக்கு எவ்வளவு செலவானது என இன்றும் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். 1960-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கான விடை அந்த வாசலிலிருந்துதான் வந்தாக வேண்டும்.